பண்டாரம்: கருவூலமும் கப்பரையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி மாதம் முழுவதும் கதிரவன் எழுமுன் தெருவில் சங்கொலியும் சேகண்டி ஒலியும் கேட்கும். நெற்றி நிறையத் திருநீறு அணிந்த ஒருவர் பாடியவாறே நடந்து செல்வார். எந்த வாசலிலும் நிற்கமாட்டார்; யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். மாதம் முடிந்த பின்னரே வீடு வீடாக வருவார். அப்போது உள்ளிருந்து ஒரு குரல் எழும்: "பண்டாரம் வந்திருக்கு, அரிசி போடு." வந்திருக்கிறார் என்பதன்று, வந்திருக்கு. மார்கழி முழுவதும் ஊரைத் துயிலெழுப்பியவர், அரிசிக்கு வந்து நிற்கும் நாளில் அஃறிணை ஆகிவிடுகிறார். தென்மாவட்டத்துச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. அதே வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்குள் பூசல் மூண்டால் "போடா பண்டாரம், பரதேசி" என்பது முதலில் வந்து விழும் வசை. சொல்லுக்குரியவர் வாசலில் நிற்கும்போதே அவருடைய பெயர் உள்ளே வசையாகப் புழங்கிக்கொண்டிருக்கும்.

அச்சொல்லைக் காதில் ஏந்தியபடியே தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்குச் செல்பவர், அங்குள்ள கல்வெட்டுகளைப் படிக்க நேர்ந்தால் திகைத்துப் போவார். முதலாம் இராசராசன் (985–1014) கொடுத்த பொன்னும் முத்தும் மணியும் எடையும் எண்ணிக்கையுமாகப் பொறிக்கப்பட்டிருக்கும் அச்சுவர்களில், 'ஸ்ரீபண்டாரம்' என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. அங்கே பண்டாரம் என்பது கருவூலம். சோழப் பேரரசின் பெருங்கோயில் தன் செல்வத்தை வைத்துக் காத்த இடம்.

நிறைந்த கருவூலத்தைக் குறித்த சொல், வெறுங்கையோடு வாசலில் நிற்பவரைக் குறிக்கும் சொல்லானது எவ்வாறு? இவ்வுரையின் பொருள் அதுவே.

சொல்லின் வடிவத்தை முதலில் காணலாம். வடமொழியில் 'பாண்டம்' என்பது கலம். கலத்தில் வைக்கப்படும் சரக்கையும் அது குறிக்கும். 'ஆகாரம்' என்பது இல்லம். இரண்டும் சேர்ந்து 'பாண்டாகாரம்', அதாவது சரக்கறை, கருவூலம். பிராகிருத வழக்கில் இடையிலுள்ள ககரம் தேய்ந்து சொல் சுருங்க, தமிழ் அதனைப் 'பண்டாரம்' என ஏற்றது. வட எழுத்து நீங்கித் தமிழ் எழுத்தோடு இயைந்தால் அது தமிழ்ச் செய்யுளுக்குரிய சொல்லாகும் எனத் தொல்காப்பியர் வகுத்த நெறிக்கு முழுதும் பொருந்திய வடிவம் இது. 'பண்டம்' என்பது 'பண்ணு' என்னும் வினையடியாகப் பிறந்த தமிழ்ச்சொல்லே எனக் கொள்வாரும் உண்டு. அவ்வாறு கொள்ளினும், பண்டாரத்தின் பிற்பகுதியில் ஒளிந்திருக்கும் வடமொழி இல்லம் மறையாது. பகுதி எதுவாயினும் பொருள் ஒன்றே: பலருடைய பொருளைச் சேர்த்து வைக்கும் இடம்.

இதற்கு எதிராக வேறொரு கருத்தும் நிலவியதுண்டு. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்துச் சொற்றொகுதிகள் சில, திருநீறு பூசிய வெண்ணிற மேனியால் வந்த பெயர் இது என்று, வெண்மையைக் குறிக்கும் 'பாண்டு' என்னும் சொல்லோடு இதனை இணைத்தன. கேட்பதற்கு இனிமையான விளக்கம். வெண்ணீறு அணிந்து சிவபெருமான் ஆடிய கூத்துக்குப் 'பாண்டரங்கம்' என்னும் பெயர் கலித்தொகையின் கடவுள் வாழ்த்திலேயே இருப்பதால், தமிழ் அறிந்தவர்களும் இதில் மயங்க இடமுண்டு. ஆயினும் ஒலி இடங்கொடுக்கவில்லை. பாண்டரத்தில் முதலெழுத்து நெடில், இரண்டாவது குறில்; பண்டாரத்திலோ முதலது குறில், இரண்டாவது நெடில். இரண்டு அசைகளும் ஒருசேர இடம் மாறித் திரிந்தன எனக் கொள்வதற்கு வலுவான காரணம் வேண்டும். மாறாக, கருவூலப் பொருளுடைய சொல் எழுத்துக்கெழுத்து அப்படியே நிற்கிறது. செவிக்கு இனியதாக இருப்பதே ஒரு சொற்பிறப்பை ஐயுறுவதற்குப் போதிய காரணம் என்பது, சொல்லாராய்ச்சியில் கை சுட்டவர்கள் அறிந்த செய்தி.

எனவே கருவூலம் என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். கருவூலத்தைக் காப்பவர் யார்? சொல்லின் வரலாற்றுத் திறவுகோல் இவ்வினாவில்தான் இருக்கிறது.

பௌத்தரின் விநயப் பிடகத்தில், மகாவக்கத்தின் எட்டாம் பகுதி, சங்கத்துக்கு வந்த ஆடைகளைக் காக்கும் சரக்கறையைப் பற்றியும் அதன் காவலரைப் பற்றியும் பேசுகிறது. அவருக்குப் பாலி மொழியில் 'பண்டாகாரிகர்' என்று பெயர். அவர் ஒரு பிக்கு, பிச்சையேற்று உண்பவர். அவரைத் தேர்வதற்குச் சொல்லப்படும் தகுதிகளில் பொருளுடைமை இல்லை. விருப்பு, வெறுப்பு, மயக்கம், அச்சம் என்னும் நான்கினாலும் வழுவாதவராக இருக்க வேண்டும். எது காக்கப்பட்டது, எது காக்கப்படவில்லை என்று அறிந்தவராகவும் இருக்க வேண்டும். அவ்வளவே. புத்தரின் உரைகளையெல்லாம் நினைவில் வைத்துக் காத்த ஆனந்தரைப் பாலி மரபு 'தம்மபண்டாகாரிகர்', அறத்தின் கருவூலக் காவலர் என்று போற்றுகிறது. கப்பரை ஏந்தியவர் கையிலேயே கருவூலத்தின் சாவியும் இருந்தது. தமிழகத்துப் பண்டாரத்துக்கு இதுதான் நேரடி மூலம் என்று கூற இயலாது. இரண்டுக்கும் இடையே நீண்ட காலமும் வேறு சமயமும் நிற்கின்றன. ஆயினும் பிச்சையும் கருவூலமும் ஒருவரிடமே சேர்வது முரணன்று என்பதற்குப் பழைய சான்று இது.

ஆனால் தஞ்சைக்குத் திரும்பினால் ஒரு தடை எதிர்ப்படுகிறது. இராசராசன் தன் கோயிலில் ஸ்ரீபண்டாரப் பணி செய்வோரைச் சோழநாட்டுப் பிரமதேய ஊர்கள் அனுப்பி வைக்க வேண்டும் என ஆணையிட்டான். எத்தகையவரை? நிலமும் உறவும் கைம்முதலும் உடைய பிராமணரை. துறவியரை அன்று, நன்றாக வேரூன்றிய இல்லறத்தாரை. களவு நேர்ந்தால் ஈடு செய்ய நிலம் உண்டு. ஓடிப்போனால் பிடித்துக் கேட்க உறவினர் உண்டு. பேரரசின் கணக்கு அப்படி இருந்தது. இக்கருத்து இராசராசனுக்கு முன்பே தமிழில் வேர்கொண்டது. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் இதனைத் தெளிவாகவே கூறிவிடுகிறார்: சுற்றம் அற்றவரை நம்பிப் பொறுப்பில் அமர்த்துதலைத் தவிர்க்க வேண்டும், உலகத்தோடு தொடர்பில்லாத அவர் பழிக்கு நாணமாட்டார்.

இரண்டு நம்பிக்கைகள் இங்கே எதிரெதிரே நிற்கின்றன. எல்லாம் உடையவனை நம்பு, அவனுக்கு இழப்பதற்கு இருக்கிறது என்பது ஒன்று. எதுவும் இல்லாதவனை நம்பு, அவனுக்குச் சேர்ப்பதற்கு ஆசையில்லை என்பது மற்றொன்று. வள்ளுவரும் இராசராசனும் முதற் கட்சி. விநயப் பிடகம் இரண்டாம் கட்சி. 'பண்டாரம்' என்னும் சொல் துறவியின் பெயரானது, தமிழ்நாட்டில் இரண்டாம் கட்சி ஓங்கிய காலத்தில்தான் எனக் கொள்வதே பொருத்தம்.

சோழப் பேரரசு தளர்ந்த காலத்தில் சைவ மடங்கள் பெருகின. கல்வெட்டுகளில் மாகேசுவரர், சிவயோகிகள், தவசியர், ஆண்டார், தேசாந்திரிகள் எனப் பல பெயர்களில் துறவியர் வருகின்றனர். அவர்களுக்கு உணவளிக்க நிலங்கள் விடப்பட்டன. காலப்போக்கில் அந்நிலங்களை ஆள்வோரும் அவர்களே ஆயினர். சிதம்பரத்தில் 13-ஆம் நூற்றாண்டில் 'சரசுவதி பண்டாரம்' இருந்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அது சுவடிகளின் கருவூலம். ஓலைகள் நைந்து போகுமுன் படியெடுக்கும் பணி அங்கே நிகழ்ந்தது. நூலகத்துக்கு இதனினும் அழகிய பெயர் தமிழில் வழங்கியதுண்டா என்பது, சொற்களையே செல்வமாகக் கொண்ட இவ்வவையினர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

16-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறையிலும் தருமபுரத்திலும் ஆதீனங்கள் நிலைபெற்றபோது சொல் மனிதர்மேல் ஏறிவிட்டது. ஆதீனத் தலைவர் 'பண்டாரசந்நிதி' எனப்பட்டார். திருவாவடுதுறை மரபினர் இயற்றிய பதினான்கு சித்தாந்த நூல்களின் தொகுதிக்குப் 'பண்டார சாத்திரம்' என்று பெயர். பண்டாரங்கள் இயற்றிய சாத்திரம் என்பதே அதன் நேர்ப்பொருள். சாத்திரக் கருவூலம் என்று கொள்ளினும் பிழையாகாது. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் தம் ஞானாசிரியரான தருமபுரம் மாசிலாமணி தேசிகர்மேல் பாடிய நூலின் பெயர் 'பண்டார மும்மணிக் கோவை'. மும்மணி என்னும் சொல்லுக்கு முன் பண்டாரம் என்னும் சொல்லை வைத்த புலவர், அதன் பழைய பொருளை மறந்திருப்பார் என்று நினைக்க இயலவில்லை. குருவும் கருவூலமும் அத்தலைப்பில் ஒன்றாய் ஒளிர்கின்றன.

இலக்கண நோக்கில் இதனை இடவாகுபெயர் எனலாம். இடத்தின் பெயர் அங்கே பணிபுரிபவர்க்கு ஆகி வந்தது. இத்தகைய வழக்கு தமிழில் புதிதன்று. மணியம் என்பது பதவியின் பெயர். மணியம் பார்ப்பவரும் மணியமே. நாட்டாண்மையும் அப்படியே. ஊர் வழக்கில் "நாட்டாண்மை வந்தார்" என்பர், "வந்தது" என்னார். பதவியில் அதிகாரம் உள்ளவரை, அஃறிணை வடிவம் கொண்ட பெயருக்கும் உயர்திணை முடிபு தானே வந்து சேர்கிறது. "பண்டாரம் வந்திருக்கு" என்பதில் நேர்ந்த வீழ்ச்சியை இவ்விடத்தில் வைத்து நோக்க வேண்டும். குற்றம் சொல்லின் ஈற்றில் இல்லை.

இராமேசுவரத்தில் இச்சொல்லின் இருபொருளும் ஒருவரிடமே கூடியிருந்தன. இராமநாத பண்டாரம் என்னும் பட்டப்பெயர் தாங்கிய துறவியர் வழிவழியாக அக்கோயிலின் நிருவாகத்தைப் பார்த்து வந்தனர். சேதுபதிகளின் செப்பேடுகள் ஊர்களைத் தானம் செய்தபோது அவர்களிடமே ஒப்புவித்தன. அவர் துறவி, ஊர்களின் வருவாயை ஆள்பவர், கோயில் கருவூலத்தின் காவலர். அப்பதவியில் அமர்த்தும் உரிமை யாருக்கு என்ற வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1874-இல் தீர்ப்பாயிற்று. எதுவும் இல்லாதவரை நம்பு என்னும் கட்சி எப்போதும் வென்றுவிடவில்லை என்பதற்கும் இவ்வழக்கைச் சான்றாகக் கொள்ளலாம். வள்ளுவர் எச்சரித்தது வீணன்று.

இதே காலவட்டத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தி இச்சொல்லின் சமூகப் பொருளைத் துலக்குகிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் டி நோபிலி என்னும் இயேசு சபைத் துறவி, பிராமண சந்நியாசியின் கோலம் பூண்டார். உயர்குலத்தாரை அணுக அக்கோலம் உதவியது. மற்றவர்களை அணுக அதுவே தடையாயிற்று. ஆகவே 1640-இல் பல்தசார் தா கோஸ்டா என்பவர் பண்டாரத்தின் கோலத்தை மேற்கொண்டார். அத்தகையோர் 'பண்டாரசாமிகள்' எனப்பட்டனர். 1693-இல் ஓரியூரில் உயிர் நீத்த அருளானந்தரும் பண்டாரசாமியாக வாழ்ந்தவரே. வெளிநாட்டார் ஒருவர் ஒரு நாட்டின் மக்களிடையே யாராக வாழலாம் என்று ஆராய்ந்து தேர்ந்த கோலம் அது. பிராமணர் அல்லாத குரு. எக்குலத்தாரும் தடையின்றி அணுகத்தக்க துறவி. 17-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சமூகத்தில் பண்டாரம் என்பவருக்கு இருந்த இடத்தை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. குருவாக ஏற்கத் தயங்காத ஒருவரை அன்று மக்கள் அப்பெயரால் அழைத்தனர்.

இனி அண்டை நிலங்களில் இச்சொல் பெற்ற வாழ்வைச் சிறிது பார்த்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தை 16-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மன்னன் ஒருவனின் பெயர் புவிராஜ பண்டாரம். 1803-இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன். சிங்களத்தில் 'பண்டார' என்பது அரச குலத்தாரும் பிரபுக்களும் தாங்கிய பட்டம்; பண்டாரநாயக்க என்னும் குடும்பப் பெயரை அறியாதார் இலர். பாக்கு நீரிணையைக் கடந்தால் முடியணிந்து நிற்கும் சொல், இக்கரையில் கப்பரை ஏந்தி நிற்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவரிடம் தமிழகத்துச் சிறுவன் "பண்டாரம்" என்று கூறி வைதால், அது வசையா வாழ்த்தா என்று அவர் மயங்கவும் கூடும்.

கன்னட நாட்டில் 12-ஆம் நூற்றாண்டின் பசவண்ணர் கல்யாண நகரில் பிஜ்ஜள மன்னனின் பண்டாரி, அதாவது கருவூல அதிகாரி. அவரை அடியார் உலகம் 'பக்தி பண்டாரி' என்று போற்றியது. வடநாட்டில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் பொதுவாக அளிக்கும் விருந்துக்குப் 'பண்டாரா' என்று பெயர். அங்கே கருவூலம் சோறாகிப் பந்தியில் பரிமாறப்படுகிறது. மலையாளத்தில் கோயில் உண்டியல் இன்றும் பண்டாரமே. திருவிதாங்கூரில் அரசுக்குரிய நிலம் 'பண்டாரவகை' எனப்பட்டது. அந்நிலங்களின் குத்தகையாளர்க்கு உடைமை உரிமை வழங்கிய 1865-ஆம் ஆண்டு ஆணை 'பண்டாரப்பாட்ட விளம்பரம்' என்றே வழங்கப்படுகிறது. இலட்சத்தீவில் முன்பு கண்ணூர் அரக்கல் குடும்பத்துக்கு உரியவாயிருந்த நிலங்கள் இன்றும் 'பண்டாரம் நிலங்கள்'.

இத்தனை நிலங்களிலும் பழைய பொருள் தங்கியிருக்க, தமிழில் மட்டும் அது ஏன் தேய்ந்தது? ஒரு காரணத்தைச் சுட்டி அமைய இயலாது. கருவூலத்துக்குத் தமிழில் பொக்கிஷம், கஜானா, உண்டியல் எனப் புதிய பெயர்கள் வந்தன. கோயில் நிருவாகம் 1817-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தால் கும்பினியின் மேற்பார்வைக்கும், 20-ஆம் நூற்றாண்டில் இந்து சமய அறநிலையச் சட்டங்களின்வழி வாரியத்துக்கும் பின்னர் அரசுத் துறைக்கும் சென்றது. ஆதீனத் தலைவர்கள் நாளடைவில் 'குருமகாசந்நிதானம்' என்னும் பெயரையே பெரிதும் விரும்பினர். மேலிருந்தவர் பெயரைக் கழற்றி வைத்தார்; இடத்தின் பெயரும் மாறிற்று; எஞ்சியவர் தெருவில் நின்றவர். பெயர் அவரிடமே தங்கிவிட்டது. கருவூலம் போன பின்னும் 'பண்டாரம்' என அழைக்கப்பட்டவரைக் கண்டு, பண்டாரம் என்றால் இல்லாதவன் என்று பொருள் கொண்டது ஊர். சொல்லின் பொருளை ஊர் அகராதியில் தேடுவதில்லை. சொல்லுக்குரியவரின் உடுப்பில் தேடுகிறது.

இதன் உடன்பிறப்பான சொற்களும் இவ்வழியே சென்றவைதாம். நம்பியாண்டார் நம்பி என்னும் பெயரில் வீற்றிருக்கும் 'ஆண்டார்', ஆளுதல் என்னும் வினையடியாகப் பிறந்த உயர்வுப் பெயர். 'ஆண்டி' அதனோடு வைத்து எண்ணத்தக்கது. இறுதியில் நின்ற மரியாதை விகுதி உதிர்ந்ததும் அவர் மடம் கட்ட முடியாத ஆண்டியாகிப் பழமொழிக்குள் புகுந்துவிட்டார். 'பரதேசி' என்பவன் பிற தேசத்தான், அவ்வளவே. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் இன்றும் பரதேசிப் பள்ளியே. கடல் கடந்து வந்து குடியேறிய யூதர்கள் 'பரதேசி யூதர்' எனப்பட்டனர். அப்பெயரில் இழிவு ஏதுமில்லை. தமிழிலோ வேற்றூரான் என்பதும் வறியவன் என்பதும் ஒன்றாகி, இரண்டும் சேர்ந்து வசையாயின. ஊரில் உறவில்லாதவனை ஊர் எப்படிப் பார்த்தது என்பதன் பதிவேடு இச்சொற்கள். வள்ளுவர் அரசனுக்குக் கூறிய எச்சரிக்கை, ஊரார் கையில் வெறுப்பாகத் திரிந்ததோ என்று ஐயுறவும் இடமுண்டு.

வசை காற்றோடு போய்விடும் என்று இருந்துவிடவும் இயலாது. பண்டாரம் என்பது இன்று ஒரு சமூகத்தின் பெயருமாகும். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில், இது சாதிப் பெயர் என்பதினும் தொழிற்பெயரே என்ற கருத்தை எடுத்துரைக்கிறார். கோயில்களுக்குப் பூமாலை கட்டுதல், ஊர்க்கோயில்களில் பூசை செய்தல், திருமஞ்சன நீர் சுமத்தல், சங்கு ஊதுதல் எனப் பணிகள் பல. தமிழ்நாட்டரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் 'ஆண்டிப்பண்டாரம்' என்னும் பெயர் இடம்பெற்றுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தேனும் குங்கிலியமும் சேகரித்து வாழும் பழங்குடியினரும் 'மலைப்பண்டாரம்' எனப்படுகின்றனர். எந்த வாசலிலும் கையேந்தாத அவர்களுக்கும் இப்பெயரே. பள்ளியில் சாதிச் சான்றிதழைக் கேட்கும்போது தன் சமூகத்தின் பெயரை உரக்கச் சொல்ல வேண்டிய ஒரு மாணவன், அதே பெயர் சற்றுமுன் விளையாட்டுத் திடலில் வசையாக ஒலித்ததைக் கேட்டிருப்பான். அகராதியில் முதற்பொருளாகக் 'கருவூலம்' என்று அச்சிடப்பட்டிருப்பது அப்போது அவனுக்கு எவ்வகையில் உதவும்? வகுப்பில் ஆசிரியர் ஒருவர் அப்பக்கத்தைத் திறந்து காட்டினாலன்றி உதவாது.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. புதுக்கவிதையில் வறுமையைக் காட்ட வேண்டிய இடத்திலெல்லாம் பண்டாரமும் பரதேசியும் எளிதாக வந்து அமர்ந்துவிடுகின்றனர். அவற்றை எழுதக் கூடாது என்பதன்று. வாழும் வழக்கை விலக்கிய கவிதை வாழாது. எழுதும் கைக்குச் சொல்லின் முழு எடையும் தெரிந்திருந்தால், எழுதப்படும் வரியும் வேறாகும். குமரகுருபரர் தலைப்பில் வைத்த சொல்லும் திண்ணையில் எறியப்பட்ட சொல்லும் ஒன்றே என்று அறிந்த கவிஞர், இரண்டையும் ஒரே வரியில் ஒலிக்கச் செய்யவும் வல்லவர்.

தமிழ்க் காப்பிய மரபு இம்முரணை முன்பே கண்டுகொண்டது. மணிமேகலையின் கையில் இருந்தது பிச்சைப் பாத்திரம். அதுவே அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. கணிகையர் குலத்தில் பிறந்து துறவு பூண்டவள் அப்பாத்திரத்தோடு புகார் நகரத் தெருவில் நிற்க, ஆதிரை முதற்பிச்சை இடுகிறாள். அதன் பிறகு ஊரெல்லாம் உண்கிறது. பாத்திரம் என்பதும் வடமொழிப் பாண்டமும் கலத்தைக் குறிப்பவையே. கப்பரையும் கருவூலமும் ஒரே கலம் என்று சாத்தனார் கதையாகச் சொன்னதைப் பின்வந்த தமிழ் ஒரு சொல்லாகவே வழங்கிற்று.

இறுதியாக, தஞ்சைக் கல்வெட்டுகளில் உள்ள ஒரு செய்தி. இராசராசனின் தேவி உலோகமாதேவியார் பெருவுடையார் கோயிலில் ஒரு திருமேனியை எழுந்தருளுவித்தார். அதன் பெயர் பிச்சதேவர். கபாலம் ஏந்திப் பலிக்குத் திரிந்த பெருமான். நிலமும் உறவும் கைம்முதலும் உடையவர்களையே தேர்ந்து காவலுக்கு வைத்த அந்தக் கோயிலில், பொன் பட்டியல்களுக்கும் முத்துக் கணக்குகளுக்கும் நடுவே, அவருடைய பெயரும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது.